விளக்கைச் சுற்றித் தெரியும் வண்ண வளையம்

கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடித் தகட்டின் மீது லைக்கோபோடியம் என்னும் மிக நுண்ணிய தூளை மெல்லியதாகத் தூவி, அதன் வழியே லேசர் ஒளியைச் செலுத்துவார்கள். எதிரேயுள்ள திரையின் நடுவில் ஓர் ஒளிப்புள்ளியும், அதைச் சுற்றி வட்ட வளையங்களும் தோன்றும். வளையத்தின் ஆரத்தை அளந்து, தூளின் ஒரு துகள் எத்தனை மைக்ரான் விட்டமுடையது என்று கணக்கிட்டு விடலாம். லேசருக்குப் பதிலாக வெண்ணிற விளக்கு ஒன்றைத் தகட்டின் வழியே பார்த்தால், அதைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். அதன் உள்ளோரம் நீலமாகவும் வெளியோரம் சிவப்பாகவும் இருக்கும். ஒளியின் விளிம்பு விளைவுக்கு இது எளிய சான்று. பல ஆண்டுகளாக இச்சோதனையை மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன்.

சென்ற ஆண்டு மார்கழி மாதம். அறுபத்து நான்கு வயதான என் பெரியம்மா எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து தெரு விளக்கைப் பார்த்தவர், "ஏங்கண்ணு, பல்ப்பைச் சுத்தி வானவில்லாட்டம் ஒரு வளையந் தெரியுதே" என்றார். "மார்கழிப் பனிங்க, பெரியம்மா" என்று சொல்லிவிட்டு நான் விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். அது முதல் தடவையன்று; அதற்கு முன்பும் சில மாலைகளில் புருவத்துக்கு மேலே வலிப்பதாகவும், பார்வை புகை மூடினாற்போல் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். படுத்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து, சளிக்காக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விளக்கணைத்த கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணியளவில் வலப்பக்கத் தலை பிளப்பது போன்ற வலி. அதைத் தொடர்ந்து வாந்தி. அருகிலிருந்த மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, வயிற்றுக் கோளாறு என்று கருதி, வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பினார். விடிந்தபோது வலக் கண் சிவந்திருந்தது. "மெட்ராஸ் ஐ" என்று நாங்களே முடிவு செய்து சொட்டு மருந்து வாங்கி வந்தோம். பிற்பகலில், "இந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது" என்றார் பெரியம்மா. அதன் பிறகே கண் மருத்துவமனைக்கு ஓடினோம். அதற்குள் பதினெட்டு மணி நேரம் கடந்துவிட்டது.

அவருக்கு வந்தது கண் நீரழுத்த நோயின் திடீர் வகை. கிளாக்கோமா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஓசையின்றி, வலியின்றி, ஆண்டுக்கணக்கில் பார்வையைத் தின்பவை. ஆனால் "மூடுகோண" வகை மட்டும் சிலரிடம் ஒரே இரவில் புயலெனத் தாக்கும். அதை உடனே அடையாளம் கண்டு சில மணி நேரத்துக்குள் மருத்துவம் செய்தால் பார்வையைக் காக்கலாம். தாமதித்தால் இழந்த பார்வை திரும்புவதில்லை. இந்நோயின் ஒவ்வோர் அறிகுறிக்கும் பின்னால் நாம் பள்ளியில் படித்த எளிய இயற்பியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகள் மறவா. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கண்ணுக்குள் ஓடும் நீர்

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் குவிந்து நிற்கும் தெளிந்த படலம் கார்னியா. அதற்குப் பின்னால் கருமையாகவோ பழுப்பாகவோ தெரியும் வட்டத் திரை ஐரிஸ். அதன் நடுவிலுள்ள துளையே பாவை. பாவைக்கு நேர் பின்னால் விழிலென்சு இருக்கிறது. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட பகுதியை முன்னறை என்றும், ஐரிஸுக்கும் லென்சுக்கும் இடைப்பட்ட சிறு இடுக்கைப் பின்னறை என்றும் கூறுவர்.

இவ்விரண்டு அறைகளிலும் தெளிந்த நீர் நிறைந்துள்ளது. அழும்போது வெளியே வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. இதனைக் கண்ணறை நீர் என்போம். இது தேங்கிக் கிடக்கும் நீரன்று. ஐரிஸுக்குப் பின்னாலுள்ள சிலியரி உறுப்பில் நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதாவது, ஒரு மில்லிலிட்டர் ஊற ஆறரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகும். ஊறிய நீர் பாவை வழியாக முன்னறைக்கு வருகிறது. கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற ஒரு வடிகால் திசு, வட்டம் முழுதும் அமைந்திருக்கிறது. நீர் அதன் வழியே கசிந்து, ஷ்லெம் கால்வாய் என்னும் நுண்குழாயை அடைந்து, இரத்தக் குழாய்களில் கலந்து விடுகிறது. முன்னறையின் கொள்ளளவு ஏறத்தாழ கால் மில்லிலிட்டர்தான். ஆகவே நூறு நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த நீர் முழுதும் புதிதாகிறது எனலாம்.

ஊறும் அளவும் வடியும் அளவும் சமமாக இருக்கும் வரையில் கண்ணின் உள்ளழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்ற எல்லைக்குள் நிற்கும். 20 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம். இந்த அழுத்தம் இருப்பதால்தான் கண் தன் உருண்டை வடிவத்தை இழக்காமல் இருக்கிறது.

அடைப்பு எப்படி நேருகிறது?

கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் அந்த மூலையின் கோணம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. சிலருக்கு அது விரிந்திருக்கும். சிலருக்கு மிகக் குறுகியிருக்கும். குறுகிய கோணம் உடையவர்களுக்கு லென்சின் முன்புறமும் ஐரிஸின் பின்புறமும் நெருங்கி ஒட்டியிருக்கும். பாவை வழியே வர வேண்டிய நீர் அந்த இடத்தில் தடைப்படுகிறது. பின்னறையில் நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் அங்கே அழுத்தம் சிறிது கூடுகிறது. ஐரிஸ் கெட்டியான தகடன்று; மெல்லிய துணி போன்றது. பின்னாலிருந்து வரும் அழுத்தத்தால் அது காற்றில் புடைத்த பாய்போல முன்னோக்கி வளைகிறது. வளைந்த ஐரிஸ் நேரே போய் மூலையிலுள்ள வடிகாலை மூடிவிடுகிறது.

சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவும்போது ஒரு பிளாஸ்டிக் தாள் மிதந்து வந்து வடிகாலில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குழாய் திறந்தே இருக்கிறது, போக்கிடம் அடைபட்டுவிட்டது. தொட்டியென்றால் நீர்மட்டம் உயர்ந்து வழிந்துவிடும். கண்ணோ மூடிய கோளம். அதன் வெளிச்சுவர் எளிதில் விரியாது. நீரும் அமுங்கிக் கொடுக்காது. எனவே சிறிதளவு நீர் கூடுதலாகச் சேர்ந்தாலும் அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. திடீர்த் தாக்குதலில் அது 50, 60, சில வேளைகளில் 80 மில்லிமீட்டரைக்கூட எட்டும். 60 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தம்! நெல்லிக்காயளவே உள்ள மென்மையான உறுப்பு அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

முதுமையில் ஏன்?

நம் உடலில் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்புகளுள் விழிலென்சும் ஒன்று. புதிய நார்கள் வெங்காயத் தோல்போல் மேலுக்கு மேல் படிகின்றன, பழையவை உதிர்வதில்லை. இளமையில் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள லென்சு முதுமையில் 5 மில்லிமீட்டரை நெருங்குகிறது. கண்ணின் அளவோ கூடுவதில்லை. ஆகவே தடித்த லென்சு ஐரிஸை முன்னே தள்ளுகிறது. முன்னறையின் ஆழம் குறைகிறது. சராசரியாக 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஆழம், தாக்குதலுக்கு உள்ளாகும் கண்களில் 2 மில்லிமீட்டர் அளவிலேயே இருப்பதுண்டு.

இளமையிலிருந்தே தூரப் பார்வைக்கு, அதாவது கிட்டத்துப் பொருள் தெளிவாகத் தெரியாத குறைக்கு, குவிலென்சுக் கண்ணாடி அணிபவர்களின் கண்கள் இயல்பாகவே சிறியவை. அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு முன்னறை ஆழம் குறைவாதலால் அவர்களே அதிகம் தாக்கப்படுகின்றனர். பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு இந்நோய் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடையே இவ்வகை மிகுதி. கிரீன்லாந்தின் இனூயிட் மக்களிடம் இது இன்னும் அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே இது நமக்குத் தொலைவான நோயன்று.

மாலை நேரத்தில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் விடை எளிது. மங்கிய ஒளியில் பாவை விரிகிறது. நடுத்தரமாக விரிந்த நிலையில்தான் ஐரிஸ் லென்சின் மீது நன்கு படிந்து நீரைத் தடுக்கிறது. அப்போது ஐரிஸின் ஓரமும் தளர்ந்து மடிப்பாகி மூலையில் திரள்கிறது. இருண்ட திரையரங்கு, விளக்கணைத்த கூடம், மிகுந்த மனக்கலக்கம் ஆகியவை தாக்குதலைத் தூண்டலாம். தூக்கத்தில் பாவை சுருங்குவதால், சிறு தாக்குதல்கள் தூங்கி எழுந்தால் தணிந்துவிடும். அந்த நிம்மதிதான் பலரை ஏமாற்றுகிறது. பாவையை விரிக்கும் மருந்துகளும் ஆபத்தானவை. மூக்கடைப்புக்கும் சளிக்குமான சில மாத்திரைகள், ஒவ்வாமைக்கான சில பழைய மருந்துகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. குறுகிய கோணம் உடையவர்களுக்குத்தான் இவற்றால் தீங்கு. மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தம் கோணம் குறுகியது என்பதைத் தாக்குதல் வரும் வரை பலரும் அறிவதில்லை என்பதே சிக்கல்.

அறிகுறிகளும் காரணங்களும்

வண்ண வளையம்: கார்னியா தெளிவாக இருப்பதற்கு அதன் உட்புறச் செல்கள் இடைவிடாமல் நீரை வெளியே இறைத்துக்கொண்டிருப்பதே காரணம். கண்ணழுத்தம் திடீரென ஏறும்போது நீர் கார்னியாவுக்குள் புகுத்தப்பட்டு, அதன் மேற்பரப்புச் செல்களிடையே நுண்திவலைகளாகத் தேங்குகிறது. கண்ணாடித் தகட்டில் லைக்கோபோடியம் தூள் செய்த அதே வேலையைக் கார்னியாவில் இத்திவலைகள் செய்கின்றன. விளக்கைச் சுற்றி வெளியே சிவப்பும் உள்ளே நீலமுமாக வளையம் தெரிகிறது. ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் பாடம் பெரியம்மாவின் கண்ணிலேயே நடந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

மங்கல்: வீங்கிய கார்னியா பனி படிந்த கண்ணாடி போலாகிப் பார்வையைக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய கேடு உள்ளே நிகழ்கிறது. கண்ணுக்குள் இரத்தம் பாய வேண்டுமானால் இரத்தக் குழாயின் அழுத்தம் கண்ணின் உள்ளழுத்தத்தைவிடப் போதிய அளவு கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளழுத்தம் ஏற ஏற இந்த வேறுபாடு குறைகிறது. பார்வை நரம்பு இரத்தமின்றித் தவிக்கிறது. அந்த நரம்பிழைகள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. மணி நேரக் கணக்கு முக்கியமாவது இதனால்தான்.

வலியும் வாந்தியும்: கண்ணிலிருந்து வலியுணர்வைச் சுமக்கும் நரம்பே நெற்றிக்கும் கிளைகளை அனுப்புகிறது, அதனால் வலி கண்ணோடு நிற்காமல் பாதித் தலைக்கும் பரவுகிறது. அந்த நரம்புக்கும் இரைப்பையை ஆளும் நரம்புக்கும் மூளையில் தொடர்பு இருப்பதால் குமட்டலும் வாந்தியும் உண்டாகின்றன. சிலருக்கு வயிற்று வலியும் வரும். கண்ணைவிட வாந்தியே பெரிதாகத் தெரிவதால் நோயாளி வயிற்று மருத்துவம் பெறுவதுண்டு.

சிவப்பும் அசையாப் பாவையும்: கண் சிவந்திருக்கும், கருவிழியைச் சுற்றிலும் சிவப்பு மிகுந்திருக்கும். கைவிளக்கின் ஒளி பட்டால் பாவை சுருங்க வேண்டும். இந்நோயில் ஐரிஸின் தசைக்கு இரத்தம் கிட்டாமையால் பாவை பாதி விரிந்தபடியே அசையாது நிற்கும். மற்றக் கண்ணோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு புலப்படும்.

எவற்றோடு மயங்குகிறோம்?

நம் ஊரில் கண் சிவந்தால் முதலில் நினைவுக்கு வருவது மெட்ராஸ் ஐ. அதில் உறுத்தலும் பீளையும் உண்டு. பெரும்பாலும் இரு கண்களுக்கும் பரவும். வீட்டில் மற்றவர்க்கும் தொற்றும். ஆனால் அதில் கடும் வலியோ வாந்தியோ பொதுவாக இராது. பீளையைத் துடைத்தால் பார்வையும் தெளிவாக இருக்கும். ஒரே கண்ணில் கடும் வலி, மங்கல், வாந்தி மூன்றும் சேர்ந்தால் அது மெட்ராஸ் ஐ அன்று என்று உறுதியாக எண்ணிச் செயல்பட வேண்டும்.

ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். ஐம்பது, அறுபது வயதில் முதன்முறையாக வரும் "ஒற்றைத் தலைவலி"யைக் கண்ணைப் பார்க்காமல் அப்பெயரால் அழைக்கலாகாது. கண்புரை தொடங்கும்போதும் விளக்கைச் சுற்றி ஒளிச்சிதறல் தெரிவதுண்டு. ஆகவே வளையம் தெரிந்தாலே இந்நோய் என்று பதற வேண்டியதில்லை. எனினும் விட்டு விட்டு வரும் வளையம், புருவ வலியோடும் மங்கலோடும் சேர்ந்தால் கோணத்தைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வலியே இல்லாமல் திடீரெனப் பார்வை மறைவதும், ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் தெரிவதும், மின்னல் கீற்றுகளும் கரும்புள்ளிகளும் திடீரெனத் தோன்றுவதும் விழித்திரை சார்ந்த வேறு நோய்களின் அறிகுறிகள். வலியில்லையே என்று அவற்றையும் தள்ளிப்போடலாகாது. அன்றைய தினமே மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரு சிறு துளையின் வரலாறு

1851-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை வெளியிட்டார். பின்னாளில் பெர்லினில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அவர், அப்போது உடலியல் பேராசிரியராக இருந்தார். அக்கருவியை ஆர்வத்துடன் கையாண்டவர்களுள் ஒருவர் பெர்லின் கண் மருத்துவரான ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே. அதுவரை இந்நோய்க்குப் பயனுள்ள மருத்துவம் ஏதுமில்லை. தாக்கப்பட்டவர் குருடாவதே வழக்கம். ஐரிஸில் ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்தால் கண்ணழுத்தம் தணிகிறது என்று 1857-இல் கிராஃபே அறிவித்தார். ஏன் தணிகிறது என்பது அவருக்கே தெளிவாகவில்லை. 1870-இல், 42 வயதிலேயே அவர் மறைந்தார்.

விளக்கம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1920-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு கர்ரன், நீர் பாவையில் தடைப்படுவதே மூல காரணம் என்றும், ஐரிஸில் ஒரு சிறு துளை போதும் என்றும் கூறினார். 1938-இல் ஓட்டோ பார்க்கன், கண் நீரழுத்த நோயைக் கோணத்தின் அகல, குறுக்கத்தை வைத்து இரண்டாகப் பிரித்துக் காட்டினார். துளையின் தத்துவம் இதுதான்: துளையிட்டதும் ஐரிஸின் முன்னும் பின்னும் அழுத்தம் சமமாகிவிடுகிறது. அழுத்த வேறுபாடு நீங்கியதும் புடைத்த பாய் தளர்வதுபோல ஐரிஸ் பின்னுக்குச் சாய்கிறது, வடிகால் திறக்கிறது. வடிகாலைத் தொடாமலே அதைத் திறக்கும் உபாயம் இது.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் கண்ணழுத்தத்தை அளக்கிறார்கள். கோல்ட்மன் முறையில், கார்னியாவின் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பரப்பைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். அந்தப் பரப்புக்கு ஒரு கிராம் எடையின் விசை 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம்; எனவே கணக்கு எளிது. பெரியம்மாவின் வலக் கண்ணில் 58 மில்லிமீட்டர் இருந்தது.

அடுத்து கோணத்தைப் பார்க்க வேண்டும். நேரே பார்த்தால் அது தெரியாது. மூலையிலிருந்து வரும் ஒளி, கார்னியாவுக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட பரப்பில் மாறுநிலைக் கோணமான சுமார் 46 பாகையைவிட மிகுந்த சாய்வில் விழுவதால், முழு அக எதிரொளிப்பு அடைந்து கண்ணுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. கண்ணாடி பதித்த சிறு லென்சைக் கார்னியாவோடு ஒட்டி வைத்தால் காற்று இடைவெளி நீங்கி, ஒளி வெளியே வந்து மூலையைக் காட்டிக் கொடுக்கும்.

பின்னர் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள். அசிட்டசோலமைடு மருந்தும் டிமோலால் சொட்டும் நீர் ஊறுவதைக் குறைக்கின்றன. மிகுந்த அழுத்தத்துக்கு மானிட்டால் கரைசலை நரம்பில் ஏற்றுவார்கள். அது இரத்தத்தின் செறிவைக் கூட்டிச் சவ்வூடு பரவலால் கண்ணிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். பைலோகார்ப்பின் சொட்டு பாவையைச் சுருக்கும். ஆனால் அழுத்தம் மிக உயர்ந்திருக்கையில் ஐரிஸின் தசை செயலற்றிருப்பதால் அழுத்தம் ஓரளவு இறங்கிய பின்னரே அது பயன் தரும். நோயாளியை மல்லாந்து படுக்க வைப்பதும் உதவும். புவியீர்ப்பால் லென்சு சற்றே பின்வாங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டிமோலால் ஆகாது. சிறுநீரக நோய், இதய நோய், சல்ஃபா மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

அழுத்தம் இறங்கிக் கார்னியா தெளிந்ததும் லேசரால் ஐரிஸில் துளையிடுவார்கள். 1980-களில் பரவிய நியோடிமியம்-யாக் லேசர் இதற்குப் பயன்படுகிறது. அதன் ஒரு துடிப்பின் ஆற்றல் சில மில்லிஜூல் மட்டுமே. ஆனால் அது சில நானோ விநாடிகளுக்குள் வெளிப்பட்டு விடுகிறது. 5 மில்லிஜூல் ஆற்றலை 5 நானோ விநாடியால் வகுத்துப் பாருங்கள்: பத்து லட்சம் வாட்! அந்தக் கணநேரத் திறன் திசுவை நுண்மையாகச் சிதறச் செய்து, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள துளையை உண்டாக்குகிறது. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, சில நிமிடங்களில் முடிக்கும் வேலை இது. அன்றே வீடு திரும்பலாம்.

தடித்த லென்சே மூல காரணம் என்றால் அதையே அகற்றினால் என்ன? ஐம்பது வயதைக் கடந்த, அழுத்தம் உயர்ந்த மூடுகோண நோயாளிகளிடம் லென்சை அகற்றிச் செயற்கை லென்சு பொருத்துவது லேசரைவிட நற்பயன் தருவதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

மற்றொரு கண்ணை மறவாதீர்

ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் ஒரே அமைப்புடையவை. ஒரு கண்ணில் தாக்குதல் வந்தவர்களுள், மருத்துவம் செய்யாவிடில், சுமார் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் மறு கண்ணிலும் வந்துவிடும். எனவே நன்றாக இருக்கும் கண்ணிலும் முன்னதாகவே லேசர்த் துளையிடுவது வழக்கம். "வலிக்காத கண்ணை ஏன் தொட வேண்டும்?" என்று மறுப்பவர்கள் உண்டு, பெரியம்மாவும் முதலில் மறுத்தார். அதுவே அவருக்கு எஞ்சிய பார்வையைக் காத்தது. அவருடன் பிறந்தவரான என் தாயாரையும் அழைத்துச் சென்று சோதித்தோம். அவருக்கும் குறுகிய கோணமே. ஆனால் குறுகிய கோணம் உடைய எல்லோருக்கும் துளை தேவைப்படுவதில்லை. சிலரை ஆண்டுதோறும் கண்காணித்தாலே போதும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் திடீர்த் தலைவலியும் வாந்தியும் என்றால், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இரு கண்களின் பார்வையையும் சிவப்பையும் ஒப்பிடுங்கள். கைவிளக்கை அடித்துப் பாவைகளைப் பாருங்கள். ஐயம் எழுந்தால் விடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும் கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. மருத்துவரிடம் வாந்தியை மட்டும் கூறாமல் கண் வலி, மங்கல், வளையம் ஆகியவற்றை முதலில் கூறுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வழியில் மல்லாந்து படுக்கலாம். வாந்தி வரும்போது மட்டும் ஒருக்களித்துக் கொள்ள வேண்டும். கண்ணைத் துணியால் கட்டக் கூடாது. இருட்டறையில் படுக்க வைக்கவும் கூடாது. இருளில் பாவை மேலும் விரியும் என்பதை முன்னரே கண்டோம். கண்ணைத் தேய்ப்பதும் அமுக்குவதும் வேண்டா. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதையும் விடலாகாது.

நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடிக்காகச் சோதனை செய்யும்போதே, கண்ணழுத்தத்தையும் கோணத்தையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது. பொட்டுப் பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைக் கண்ணுக்குக் குறுக்கே பாய்ச்சிப் பார்ப்பது ஒரு பழைய முறை. ஐரிஸ் தட்டையாக இருந்தால் முழுதும் ஒளிரும். முன்னே புடைத்திருந்தால் மூக்குப் பக்கத்துப் பாதியில் நிழல் விழும். இது துல்லியமான சோதனையன்று. ஆயினும் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பாக உதவும்.

பெரியம்மாவின் வலக் கண்ணில் இப்போது ஆள் நடமாட்டம் மட்டுமே தெரிகிறது. இடக் கண்ணால் பூத்தொடுக்கிறார், செய்தித்தாள் படிக்கிறார். ஒற்றைக் கண்ணால் தொலைவைக் கணிப்பது கடினமாதலால் காப்பியை ஆற்றும்போது சில வேளைகளில் டம்ளருக்கு வெளியே ஊற்றிவிடுகிறார். அதைக் காணும்போதெல்லாம் அந்தப் பதினெட்டு மணி நேரம் என் நினைவுக்கு வருகிறது.

இவ்வாண்டு மாணவர்கள் லைக்கோபோடியம் சோதனையைச் செய்து முடித்ததும், துகளின் விட்டத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வரும்படி சொன்னேன்: "மாலையில் விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிவதுண்டா?" வாசகர்களும் இன்றே தம் வீட்டில் இதைக் கேட்க வேண்டுகிறேன். "ஆம்" என்று விடை வந்தால், மார்கழிப் பனி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.